தைராய்டு ரத்தமும் சுறாக் கருவாடும்

ரத்தம் எடுக்கிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஊசியைப் பார்ப்பார்கள், அல்லது சுவரைப் பார்ப்பார்கள். தொண்ணூறுகளில் மலாக்கா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நான் அந்த வேலையில் இருந்தேன். காலையில் கை நீட்டுகிறவர்களிடம் ரத்தம் எடுப்பேன். மதியம் அதை இயந்திரத்தில் வைப்பேன். அது சொல்லும் எண்ணைத் தாளில் ஏற்றி டாக்டருக்கு அனுப்புவேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எது ஏறினால் நல்லது, எது இறங்கினால் கெட்டது என்று விளங்காமல் வராந்தா பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். ஆறுதலுக்குச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்கும் விளங்கவில்லை.

எத்தனையோ பரிசோதனைகள் செய்தேன். என்னை வாயடைக்க வைத்தது தைராய்டு ஒன்றுதான். கழுத்தின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பி. அது சோர்ந்தால் ஆள் முழுவதும் சோர்ந்துபோகிறார். இங்கே நான் எழுதுவதில் பாதிக்கு மேல் ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. பிறந்த ஐந்தாம் நாள் அவளுடைய எண் என் மேசைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை போய்ச் சேராவிட்டால் அவள் புத்தி வளர்வது நாளுக்கு நாள் பின்தங்கும். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டு அவளிடம் வருகிறேன்.

மண்டோரின் தொண்டை

அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மாணிக்கம் என்று ஒரு மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மலாக்கா வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகம் உப்பி, குரல் கரகரத்துப் போயிருந்தது. டாக்டர் இரண்டு பரிசோதனை எழுதியிருந்தார், டி4, டிஎஸ்எச். டி4 தரைக்கு இறங்கியிருந்தது. டிஎஸ்எச், ஐந்துக்குள் இருக்க வேண்டியது, அறுபதில் நின்றது. தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு இறங்கிக் கெடக்கு, ஒண்ணு ஏறிக் கெடக்கு. எனக்குக் கொறச்சலா, கூடுதலா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டி4 கழுத்துச் சுரப்பி செய்யும் சரக்கு. டிஎஸ்எச் அங்கே உண்டாவதில்லை; மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி இருக்கிறது, அது கீழே அனுப்பும் உத்தரவு. கழுத்துச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்தால் உத்தரவு மெதுவாகப் போகும். அது தளர்ந்தால் உத்தரவு ஏறிக்கொண்டே போகும். அதனால் டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைந்துவிட்டது என்று பொருள்.

மாணிக்கம் யோசித்தார். யோசிக்க நேரமாவதும் அந்த நோயின் வேலைதான். விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இருபது வருஷம் நின்றவர் அவர். கடைசியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளு ஒழுங்கா எறங்குனா பெரட்டுல எனக்கு என்ன தொண்ட வலி? எறங்கலன்னாத்தான் கத்திச் சாவணும். ஆக, மண்டோரு போடுற சத்தத்தத்தான் நீங்க அளக்குறீங்க தம்பி."

நாலு நாள் சாமர்த்தியம்

புக்கிட் பெருவாங்கில் தையல் வேலை பார்த்த கமலா அக்கா இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடவில்லை. பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது ஞாபகம் வந்தது. டாக்டர் ஏசுவாரே என்று ஒரு நாளைக்கு மூன்று வீதம் விழுங்கிவிட்டு வந்து கை நீட்டினார். டி4 அழகாக இருந்தது, தேவைக்கு மேலேயே இருந்தது. டிஎஸ்எச் மட்டும் நாற்பது. சரக்கு நிறைய இருக்கும்போது மேலிருந்து எதற்கு இந்தக் கத்தல்? இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே எண்.

டாக்டர் தாளைப் பார்த்த வேகத்தில் சிரித்துவிட்டார். மாத்திரை போட்டால் டி4 சில நாளில் ஏறிவிடும். மூளைக்கு அடியில் இருக்கிறதே, அது அவ்வளவு சீக்கிரம் நம்பாது. ஆறு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் குரலைத் தணிக்கும். மாத்திரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். அடுத்த வாரமே போய் நின்று என்னைப் போன்றவர்களைச் சிரமப்படுத்தாதீர்கள். கமலா அக்காவின் வித்தையையும் செய்து பார்க்க வேண்டாம்; நெஞ்சு படபடவென்று அடித்து ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாராம். "எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டதும் விரல் விட்டு நாலு காட்டினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு மாசத்துக் கதைய ரத்தம் இப்படிக் கோள் சொல்லும்னு யாருக்கு லா தெரியும்?"

பெயரில்லாத குழாய்

பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பார்க்கும் ஏற்பாடு தொண்ணூறுகளின் கடைசியில்தான் எங்கள் பக்கம் வந்தது. ஏன் கொடியிலிருந்து என்று கேட்டபோது கிடைத்த பதிலை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. வயிற்றுச் சூட்டிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்ததும் எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்எச் தாவி ஏறுமாம், இறங்க இரண்டு மூன்று நாளாகுமாம். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத உயிர், குளிர் பட்டதும் உள்ளேயிருந்து 'அடுப்பை மூட்டு' என்று உத்தரவு போடுகிறது. அந்தத் தாவலுக்கு முந்திக்கொள்ள வேண்டுமென்றால் கொடி ரத்தம்தான் வழி.

அந்தக் குழாய்களில் பெயர் இருக்காது. நம்மவர்கள் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ சாமி கும்பிட்டுத்தான் பெயர் வைப்பார்கள். 'சரோஜாவின் குழந்தை, பெண்' என்று ஒரு குழாய் வந்தது. அன்றைக்கு ஓட்டிய மற்றவை ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று இருந்தன. இது நூறைத் தாண்டியது. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் நூறைத் தாண்டியது. குழந்தைகள் டாக்டரிடம் நானே கொண்டுபோனேன். மலாய்க்கார அம்மா, அதிகம் பேசாதவர். கொடி ரத்தம் ஓர் எச்சரிக்கைதான், குழந்தையிடமே எடுத்து உறுதிப்படுத்த வேண்டும் என்றார். வயிற்றில் இருந்தவரை தாயின் டி4 கொஞ்சம் பிள்ளைக்கும் போயிருக்கும், அதனால் இப்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் போனது போனதுதான் என்றார். சரோஜா பிள்ளை பெற்ற மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பிரசவத்தின்போது நிரப்பிய பாரத்தில் தொலைபேசி எண் இல்லை. டாக்டர் நாட்காட்டியைப் பார்த்தார். "இன்றைக்கு ஐந்தாம் நாள். எண்ணைக் கொண்டுவந்துவிட்டாய், குழந்தையைக் கொண்டுவா."

மூடிய தோட்டத்து விலாசம்

பாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் விலாசம் இருந்தது. தோட்ட ஆபீஸுக்குப் போன் செய்தோம். கணக்கெழுதும் கிராணி எடுத்தார். அந்த டிவிஷனை விற்று இரண்டு வருஷம் ஆகிறது, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தாயிற்று, ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள் என்றார். எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தை விட்டு வந்து எத்தனை காலமானாலும் அடையாளக் கார்டில் தோட்டத்து விலாசம்தான். மாற்ற வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. யாராவது கேட்டால் கார்டை நீட்டுவார்கள். சரோஜாவின் கணவரும் அப்படி நீட்டியிருக்கிறார், எழுதியவரும் அப்படியே எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த விலாசத்தில் வீடுதான் இல்லை.

வீடு வீடாகப் போகும் சுகாதார நர்ஸ் ரோசலின் எங்களுக்குத் துணைக்கு வந்தார். எல்லோருக்கும் அவர் ரோசலின் மிஸி; எங்கள் பக்கம் நர்ஸ் என்றால் மிஸிதான். தோட்டத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர், சைக்கிளில் தொடங்கி வேன் வரைக்கும் வந்தவர். பாரத்தில் கணவர் பெயரும், தொழில் லோரி ஓட்டுவது என்றும் இருந்ததால் அலோர் காஜாவில் லோரி நிற்கும் இடமெல்லாம் கேட்டோம். அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரில் யாருக்கும் புதுக் குழந்தை இல்லை. எட்டாம் நாள் மத்தியானம். சாப்பாட்டுக் கடையில் நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மிஸி நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பிள்ள பெத்தவள எவ்வளவு தேடினாலும் கெடைக்க மாட்டா தம்பி, அவ வீட்ட விட்டே வர மாட்டா. அவளுக்கு யாரு ஆக்கிப் போடுறான்னு தேடணும்."

அரைக் கிலோ

பிள்ளை பெற்றவளுக்கு முதல் ஒரு மாதம் பத்தியம். இடிப்பதற்கு மருந்துச் சாமான், கூடை கூடையாகப் பூண்டு, பால் ஊறுவதற்குச் சுறாக் கருவாடு. இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் தமிழ்க் கடை அலோர் காஜாவில் அப்போது இரண்டுதான். முதல் கடையில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை இரண்டாவது கடைக்குப் போனோம். முதலாளி கணக்கு எதையும் புரட்டவில்லை. கூரையைப் பார்த்து யோசித்தார்.

"இந்த வாரம் மூணு பேரு மருந்துச் சாமான் வாங்குனாங்க. ரெண்டு பேருக்குப் பேரன். ஒரு அம்மா மட்டும் தங்கச்சிக்குன்னு சொன்னாங்க, பொம்பளப் பிள்ளையாம். சுறாக் கருவாடு ஒரு கிலோ கேட்டாங்க, அரைக் கிலோதான் இருந்திச்சு. என்னைய ஏசிட்டுப் போனாங்க. லூபோக் சீனாவுல, பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னால பலகை வீடு. ராஜம்மான்னு கேட்டா காட்டுவாங்க." தங்கச்சியின் பெயர் சரோஜாவா என்று கேட்டேன். அது தெரியாது என்றார். தங்கையின் புருஷன் லோரி ஓட்டுகிறான் என்பது தெரிந்திருந்தது. எங்களுக்கு அது போதும். நாங்கள் வேனுக்குத் திரும்பும்போது உள்ளேயிருந்து காகிதப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "மிஸி, மீதி அரைக் கிலோ நேத்துத்தான் வந்திச்சு. போறதுதான் போறீங்க, இதையும் குடுத்துருங்க."

அழாத பிள்ளை

ராஜம்மா கதவைப் பாதிதான் திறந்தார். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. கவர்மெண்ட் வேனைப் பார்த்த முகம் கருவாட்டு வாடை வந்ததும் கொஞ்சம் இளகியது. மிஸி உள்ளே போனார். ஆண்பிள்ளை என்பதால் நான் ரத்தப் பெட்டியோடு வாசலில் நின்றேன். தாயின் பெயர் சரோஜாதான். குழந்தை துணித்தொட்டிலில் இருந்தது. மிஸி வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தபோது நானும் பார்த்தேன். லேசான மஞ்சள் நிறம், மற்றபடி கொழுகொழுவென்று நல்ல பிள்ளை. மிஸி உள்ளங்காலைச் சுண்டினார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

ராஜம்மாவுக்கு அதில் பெருமை. "பொறந்து ஒம்பது நாளு ஆவுது, அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க, இந்த வீட்டுல பச்சப் பிள்ள இருக்குறதே தெரியாது. பாலுக்கே நாமதான் எழுப்பணும். அவ்வளவு சமத்து." அழாததும் பாலுக்கு எழாததும் அந்தச் சோர்வின் அடையாளம்தான். கொடி ரத்தம் முதல் நாள் சொன்னதைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் மகிழ்ச்சியோடு.

மிஸி பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, மெதுவாக எடுத்துச் சொன்னார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், சில சொட்டு ரத்தம் எடுத்தால் போதும் என்றார். ராஜம்மா தலையாட்டவே இல்லை. முப்பதாம் நாள் சாமி கும்பிடும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது, பச்சை உடம்பில் ஊசி படக் கூடாது, முப்பது முடிந்த மறுநாள் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்தார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கைக்கு வேளை தவறாமல் ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்த மனுஷி. அவர் கேட்டது ஒன்றுதான்: "நோவு இருந்தா பிள்ள அழாதா மிஸி? நீங்களே சொல்லுங்க."

வாசல்

உள்ளறையில் சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். காதை மூடித் துணி கட்டிய தலையோடு நிலைப்படி வரைக்கும் வந்து நின்று, மிஸியை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "பிள்ளையப் பாக்காமலே எப்படிண்ணே தெரிஞ்சிச்சு?"

"கொடி ரத்தத்துலம்மா. பொறந்த அன்னிக்கு எடுத்தது. ரெண்டு தடவ பாத்தேன்."

"ரெண்டு தடவயும் அதே மாதிரியா?"

"அதே மாதிரி."

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துப் பிள்ளையைச் சுற்ற ஆரம்பித்தார். ராஜம்மா குறுக்கே வந்து நின்றார். இது விளையாட்டு இல்லை, சாமி குத்தமாகிவிடும் என்றார், பிறகு அழுதார். சரோஜா குரலை உயர்த்தவில்லை. "குத்தம் எம்பேர்ல இருக்கட்டும்க்கா. பிள்ள பேர்ல வேணாம்."

பல்லு முளைக்காத வாய்க்கு

ராஜம்மா கதவை அறைந்து சாத்திப் பூட்டிவிட்டு, ஒரு கொத்து வேப்பிலையோடு வேனில் எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையின் புறங்கையில் நான்தான் ஊசி போட்டேன். முகத்தைச் சுளித்தாள், கரகரவென்று ஒரு முனகல், அவ்வளவுதான். அன்றைக்கு வேறு எந்தக் குழாயையும் ஓட்டாமல் அதை முதலில் வைத்தேன். டிஎஸ்எச் இன்னும் மேலே போயிருந்தது. டி4 இயந்திரத்துக்கு எட்டும் அளவுக்குக்கூட இல்லை. கொடி ரத்தம் பொய் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை மருந்து தொடங்கியது. மாத்திரையில் ஒரு சின்னத் துண்டு. அதைக் கரண்டியில் நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் காட்டிய துண்டை நான் எட்டிப் பார்த்தேன். அரிசிக் குருணை அளவு. அதிலும் பெரும்பகுதி மாவுதானாம், மருந்து கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு மனுஷப் பிறவி பேசுமா, எண்ணிப் பார்க்குமா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கை தூக்குமா என்பதெல்லாம் அந்தக் குருணையில் இருந்தது. நான் அதை வியந்து கொண்டிருந்தபோது ராஜம்மா முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தார். "பல்லு மொளைக்காத வாய்க்கு மாத்திர. கொடுமை லா இது."

எத்தனை நாளைக்கு

இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, பிறகு மாதா மாதம் வந்தார்கள். டி4 முதலில் ஏறியது. டிஎஸ்எச் வழக்கம் போல நம்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முப்பது கும்பிட்டுக் கவிதா என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது தடவை ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவள் என் தாடையில் உதைத்தாள். அப்புறம் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி ஒரு கத்தல். டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, கைகட்டி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு இரண்டு எண்ணும் அளவுக்குள் வந்திருந்தன.

ராஜம்மாதான் கேட்டார், இந்த மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு என்று. மூன்று வயதில் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போம், பெரும்பாலும் ஆயுளுக்கும் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ராஜம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன சொல்வது, ஆயுசுக்கும் மாத்திரை என்றால் எவன் வருவான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரோஜா கத்திக் கொண்டிருந்தவளைத் தோளில் போட்டுத் தட்டியபடியே கேட்டார்: "சோறு மட்டும் எத்தன நாளைக்காம்க்கா?"

அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் வாங்கிய ஏச்சுக்கும் அடிக்கும் கணக்கில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டது தாடையில் விழுந்த அந்த ஓர் உதையைத்தான்.